சோலாரிஸ்: கூடு பிரிந்த கதை

தக்கலையில் என் மைத்துனர் நடத்தும் போட்டோ ஸ்டூடியோவில், மேசைக்கு அடியில் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. 11 ஆண்டுக் கல்யாணப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. சென்ற மாதச் சோதனையின்போது திரையில் ஒரு வரி வந்தது: இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் சில இடங்கள் கெட்டிருந்தன, சரிசெய்தாகிவிட்டது.

சரிசெய்தது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, அதாவது டிஸ்கில் கோப்புகளை எழுதிப் பராமரிக்கும் மென்பொருள். தரவை எழுதும்போதே அதற்கு ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அந்தத் தரவின் பக்கத்தில் வைக்காமல், அதைச் சுட்டும் மேல் அடுக்கில் வைத்துவிடும். படிக்கும்போது மீண்டும் கணக்கிடும். எண் பொருந்தாவிட்டால் ஜோடி டிஸ்கில் உள்ள நல்ல நகலை எடுத்து, கெட்ட இடத்தில் எழுதிவிடும். டிஸ்க் தவறான தரவைச் சரியென்று நீட்டினாலும் அகப்பட்டுக்கொள்ளும். இதைவிட அழகான ஏற்பாட்டைக் கணினியில் நான் அதிகம் கண்டதில்லை.

இதை சோலாரிஸ் இயங்குதளத்துக்காக உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2005இல் சோலாரிஸின் மூலநிரலை, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓப்பன்சோலாரிஸ் என்ற அந்தத் திறந்த திட்டம் முடிவுக்கு வந்தது. அப்படியானால் தக்கலைக் கணினி எப்படி ஓடுகிறது?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தளிர்விடும் காலத்தில் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கூட்டம் பெருகினால் பழைய ராணி ஒரு பகுதித் தேனீக்களோடு வெளியேறிவிடும். பெட்டியும் அடையும் உரிமையாளருக்கு. வயிறு நிறையக் குடித்த தேன் மட்டும் பிரிந்த கூட்டத்துக்கு.

நிறுவனத்தை வாங்கியவருக்குப் பெயர், சர்வர், பதிப்புரிமை எல்லாம் போய்ச் சேரும். ஆனால் ஏற்கெனவே வெளியான நிரலுக்குக் கொடுத்த அனுமதியை அவர் திரும்பப் பெற முடியாது. அடுத்த பதிப்பை மட்டும் மூடலாம். வெளியிலிருந்து நிரல் தந்தவர்கள் தங்கள் பதிப்புரிமையை சன்னோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதுவும் மூடுவதற்கு வழிவிட்டது. 2011 நவம்பரில் வந்த சோலாரிஸ் 11 அப்படி மூடப்பட்டதே.

சோலாரிஸில் பிரிந்த கூட்டத்தின் பெயர் இல்லுமோஸ்: திறந்த நிரலை எடுத்துத் தனியே வளர்க்கும் திட்டம். 2010 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டார்கள். திறந்ததாகச் சொல்லப்பட்ட சோலாரிஸில் சில பகுதிகளுக்கு மூலநிரலே வெளிவந்திருக்கவில்லை. அடிப்படை சி நூலகத்தில் பல மொழிகளைக் கையாளும் பகுதி அவற்றில் ஒன்று. அதை வேறு நிரல்களின் துணையோடு மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. இப்போது நிலைமை தலைகீழ்: இல்லுமோஸில் நடக்கும் திருத்தங்களை ஆரக்கிள் எடுத்துக்கொள்ள விரும்பினால், அந்தக் கோப்புகளைத் திறந்தே வெளியிட வேண்டும்.

இல்லுமோஸ் இன்றும் சிறிய கூட்டம்தான். புதிய வன்பொருளுக்கெல்லாம் அதை இயக்கும் டிரைவர் நிரல் எழுத அங்கே ஆள் போதவில்லை. உரிமம் அனுமதி தரும், ஆளைத் தராது. இசட்எஃப்எஸ்ஸின் கதை வேறு. 2013இல் ஓப்பன்இசட்எஃப்எஸ் என்று தனித் திட்டமாகி, லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு திறந்த இயங்குதளங்களில் வேரூன்றிவிட்டது. ஸ்டூடியோவில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டிதான். அந்த இரண்டாவது டிஸ்கை மாற்றிவிட்டோம். படங்கள் புதியதற்கு நகலாகிக்கொண்டிருந்தபோதே, மைத்துனர் குளச்சலில் எடுத்த ஒரு திருமண ஆல்பத்தை அதே கணினியிலிருந்து திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.