இளம் ரோஜா நிற வைரத்தை இணையத்தில் வாங்குவதற்கு முன்

காவிரிப் படுகையில் வைரம் என்றாலே தோடும் மூக்குத்தியும்தான் நினைவுக்கு வரும். ஏழு கல் தோட்டுக்கு ஒரே நீரோட்டமுள்ள வெள்ளைக் கற்களைப் பொறுக்கிச் சேர்க்க மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இன்றும் உண்டு. அதே குடும்பங்களின் இளைய தலைமுறையினர் நிச்சயதார்த்த மோதிரத்துக்கும் திருமண நாள் பரிசுக்கும் இளம் ரோஜா நிறம் ஓடிய வைரத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பணத்தையும் கட்டி, கூரியரில் கல் வந்து சேர்ந்த பிறகு மதிப்பீட்டுக்காக என்னிடம் கொண்டுவருகிறார்கள். பணம் கட்டும் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இன்னும் பணம் கட்டாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இயற்கையான ரோஜா நிற வைரத்தின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் நிறத்தின் செறிவு. வைரங்களைத் தரம் பிரித்துச் சான்றிதழ் தரும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. ஆய்வகம் இந்தச் செறிவை ஃபெயிண்ட், வெரி லைட், லைட், ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட் என்று படிப்படியாகக் குறிக்கிறது. அடர்ந்தும் இருண்டும் தோன்றும் கற்களுக்கு ஃபேன்சி டீப், ஃபேன்சி டார்க் என்ற தரங்களும் உண்டு. மஞ்சள் சாயல் உள்ள கல், நிறமற்ற டி-யில் தொடங்கிச் சாயல் கூடக்கூட இசட் வரை செல்லும் எழுத்து வரிசையிலேயே நெடுந்தூரம் இடம்பெறும். ரோஜா சாயலோ மிக மெல்லியதாக இருந்தாலும் தனிப் பெயர் பெற்றுவிடும். ஆகவே 'பிங்க் வைரம், சான்றிதழ் உண்டு' என்று விளம்பரம் சொல்வது பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழில் இருப்பது ஏணியின் அடிப்படியாக இருக்கும். 2017 ஏப்ரலில் ஹாங்காங் ஏலத்தில் 59.60 காரட் எடையுள்ள 'பிங்க் ஸ்டார்' 7 கோடி டாலரைத் தாண்டி விலைபோனதைக் காட்டித் தங்கள் கல்லின் பெருமையைச் சொல்லும் விற்பனையாளர்களைப் பார்க்கிறேன். அது ஃபேன்சி விவிட் தரத்துக் கல். அந்த விலைக்கும் 20 சென்ட் (0.20 காரட்) எடையுள்ள ஃபெயிண்ட் பிங்க் கல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்னொரு பெயரும் இதே போலப் பயன்படுத்தப்படுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ரியோ டின்டோ நிறுவனம் நடத்திவந்த ஆர்கைல் சுரங்கம் உலகின் ரோஜா வைரங்களில் சுமார் 90 விழுக்காட்டைத் தந்தது; 2020 நவம்பரில் அது மூடப்பட்டது. சுரங்கம் மூடியது உண்மை, நல்ல கற்கள் அரிதானதும் உண்மை. ஆனால் ஒரு கல்லை ஆர்கைல் கல் என்று ஏற்பதற்கு அந்தச் சுரங்கத்தின் ஆவணமும், அதனோடு பொருந்தும் எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருப்பதும் வேண்டும். இவை இல்லாமல் வாய்வார்த்தையாகச் சொல்லப்படும் ஆர்கைல் என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இனி நிறத்தைப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. திருபுவனத்தில் பட்டுப்புடவை எடுக்கும்போது கடைக்குள் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் நம் பெண்கள் வாங்குவதில்லை. அதைவிடப் பலமடங்கு மெல்லிய நிறமுள்ள கல்லை, யாரோ அமைத்த விளக்கொளியில், யாரோ எடுத்த படத்தில் பார்த்து வாங்கிவிடுகிறோம். கைப்பேசிக் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் ரோஜா சாயல் கூடித் தெரியும். பின்னணியில் இளஞ்சிவப்புத் துணி இருந்தாலும், கல்லைப் பிடித்திருக்கும் விரலின் தோல் நிறம் உள்ளே பிரதிபலித்தாலும், செம்பு மிகுந்த ரோஸ் கோல்டில் கல் பதிக்கப்பட்டிருந்தாலும், நிறமே இல்லாத கல்லுக்கும் ஒரு சாயல் வந்துவிடும். இவற்றோடு அளவும் கண்ணை ஏமாற்றுகிறது. 20 சென்ட் எடையுள்ள வட்ட வைரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 3.8 மில்லிமீட்டர்தான், சுழலும் வீடியோவில் திரை முழுவதையும் நிரப்பி நின்ற நிறத்தை அந்த அளவில் விரலில் தேடினால் கிடைக்காது.

சென்ற ஆண்டுகளில் வந்த ஒரு மோதிரத்தைச் சொன்னால் இது விளங்கும். பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு தாயார், வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய மோதிரத்தைக் கொண்டுவந்தார். "படத்துல நல்லா ரோஸா இருந்துச்சு சார், கைக்கு வந்ததும் டீத்தண்ணி மாதிரி தெரியுது" என்றார். வெள்ளைத் தாளை மடித்து அதன் பள்ளத்தில் மோதிரத்தை வைத்து, வடக்குச் சன்னல் வெளிச்சத்தில், நிறமற்ற ஒரு கல்லைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது பழுப்பு தெளிவாகவும் ரோஜா அதன் ஓரத்தில் லேசாகவும் தெரிந்தன. அவருடைய சான்றிதழிலும் அப்படியே, 'பிங்கிஷ் பிரௌன்' என்றுதான் இருந்தது. இந்த நிறப் பெயர்களில் கடைசியாக வருவதே முதன்மை நிறம். முன்னால் வருவது துணைச் சாயல். 'பிரௌனிஷ் பிங்க்' பழுப்பு கலந்த ரோஜா. 'பிங்கிஷ் பிரௌன்' ரோஜா கலந்த பழுப்பு, அதன் விலை வெகுவாகக் குறைவு. விற்றவர் தலைப்பில் 'பிங்க்' என்று போட்டிருந்தார். சான்றிதழின் படத்தைப் பக்கத்தின் அடியில் சிறிதாக வைத்திருந்தார். சான்றிதழில் பொய் எதுவும் இல்லை என்பதால் அந்தக் குடும்பத்துக்கு வாதாட இடமில்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

இதைவிட மோசமாக, வழக்கமான எழுத்துவரிசைச் சான்றிதழில் 'கே, ஃபெயிண்ட் பிரௌன்' என்று குறிக்கப்பட்ட கல்லே ரோஜா வைரம் என்று விற்பனைக்கு வருவதும் உண்டு. அந்தச் சான்றிதழில் ரோஜா என்ற சொல்லே இருக்காது. விளம்பரத்தின் தலைப்பை விட்டுவிட்டுச் சான்றிதழில் நிறத்துக்கு நேரே உள்ள வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியது நிறத்தின் தோற்றுவாய் பற்றிய வரி, அதாவது நிறம் இயற்கையானதா, செயற்கையாக ஏற்றப்பட்டதா என்று சொல்லும் வரி. ரோஜா வைரத்தைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே முதலிடம் கொடுப்பேன். இயற்கையான ரோஜா வைரங்களில் பெரும்பாலானவை பூமியின் ஆழத்தில் ஏற்பட்ட அழுத்தத்தால் படிக அமைப்பு நெளிந்து நிறம் பெற்றவை. அந்த நெளிவின் வரிகளை நுண்ணோக்கியில் சில கற்களில் காண முடியும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையோ, இயற்கையான ஆனால் நிறம் போதாத வைரத்தையோ கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பிறகு சூடேற்றியும் இதே நிறத்தைப் பெறலாம். ஆய்வக வைரத்தை வாங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. அதுவும் வைரம்தான், விரும்பி வாங்குபவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் அதன் விலை இயற்கைக் கல்லின் விலையில் மிகச் சிறு பகுதி. கடைகளில் கல் சூட்டைக் கடத்தும் திறனை அளந்து ஒலி எழுப்பும் சிறு கருவி ஆய்வக வைரத்துக்கும் இயற்கை வைரத்துக்கும் ஒரே ஒலியைத்தான் எழுப்பும். வைரம் போலவே தோன்றும் மாய்ஸனைட் என்ற வேறு கல்லுக்கும் சில கருவிகள் அப்படியே எழுப்பும். புற ஊதா விளக்கில் கல் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத, கோல்கொண்டா வகை என்று சொல்லப்படும் அபூர்வமான இயற்கைக் கற்களும் அப்படி ஒளிரக்கூடியவை என்பதால், தீர்ப்பை ஆய்வகக் கருவிக்குத்தான் விட வேண்டும்.

வைரம் ரோஜா நிறம் பெறும் மூன்றாவது வழி பூச்சு. வைரத்தின் அடிப்பக்கப் பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தைப் படியவைத்து ரோஜா நிறம் ஏற்றுகிறார்கள். மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு மோதிரம் விரலுக்கு இறுக்கமாக இருந்ததால் உள்ளூர்ப் பத்தரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் வளையத்தை அறுத்து, துண்டு சேர்த்து, ஊதுகுழலால் நெருப்புக் காட்டிப் பற்றவைத்துத் தந்தபோது கல்லின் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. பத்தர் கல்லை மாற்றிவிட்டார் என்று சந்தேகப்பட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். நுண்ணோக்கியில் கல்லைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடிப்பட்டைகளில் நிறம் திட்டுத்திட்டாக நின்றது. பட்டைகள் சந்திக்கும் விளிம்புகளில் படலம் தேய்ந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. ஒளியைச் சாய்த்தபோது எஞ்சிய இடங்களில் வானவில் நிறம் மினுங்கியது. எடையும் அளவும் சான்றிதழோடு இம்மி பிசகாமல் பொருந்தின. கல் அதே கல். அந்தச் சான்றிதழ் பூச்சு ஏற்றுவதற்கு முன் வாங்கியது. அதில் நிறம் 'ஜே' என்றிருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பல ஆண்டுகளாக அந்தக் குடும்பத்துக்கு நகை செய்த பத்தர் மீது பழி விழாமல் காக்க முடிந்தது. கட்டிய பணத்தை மீட்க முடியவில்லை, திருப்பி அனுப்பும் காலம் கடந்திருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன் சான்றிதழின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், ஆய்வகத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, அந்த எண்ணை அங்கே சரிபாருங்கள். போலிச் சான்றிதழுக்குப் போலித் தளமும் உண்டு. நிறம், நிறத்தின் தோற்றுவாய், எடை, மில்லிமீட்டர் அளவு ஆகிய நான்கும் விளம்பரத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல், டி அல்லது இ தரத்து நிறமற்ற கல்லைப் பக்கத்தில் வைத்துச் சாதாரணக் கைப்பேசியில் வெட்டாத வீடியோ ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெல்லிய நிறம் ஒப்பீட்டில்தான் தெரியும். நேர்மையான வணிகர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

திருப்பி அனுப்பும் நிபந்தனையை எழுத்தில் பெறுவது அடுத்த வேலை. நம் பக்கத்து வழக்கத்தில் வைரத்தை உடனே வாங்கிவிடுவதில்லை. ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சில நாள் வீட்டில் வைத்திருந்து, சரியாகப் பட்டால்தான் பணம் கொடுப்பார்கள். அந்த நம்பிக்கையை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த நாட்களில் காலை வெயிலிலும் மாலை விளக்கொளியிலும் வீட்டுப் பெண்கள் பலரும் கல்லைப் பார்த்துவிடுவார்கள் என்பதால், நிறத்திலோ நீரோட்டத்திலோ உள்ள குறை மறைந்திருக்க வழியில்லை. காரணம் கேட்காமல் திருப்பிப் பெற்றுக்கொள்ளும் கால அவகாசம் அந்த வசதியை இணைய வணிகத்திலும் தருகிறது. ஆனால் தனிநபர் கணக்குக்கு யு.பி.ஐ. மூலம் பணம் போட்டுவிட்டு அந்த அவகாசத்தை நம்பியிருப்பது ஆபத்து, ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய ரசீது தரும் நிறுவனத்துக்குக் கிரெடிட் கார்டில் கட்டினால் தகராறு எழுப்ப ஒரு வழியாவது இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் சேரும், திருப்பி அனுப்பும் செலவும் நடைமுறையும் உங்கள் தலையில் விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கல் வந்ததும் உறையைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள். கூடுமானவரை பதிக்காத தனிக் கல்லாகவே வாங்குங்கள். தனிக் கல்லைத்தான் சரியாக எடைபோட முடியும், அடிப்பட்டைகளையும் முழுமையாகப் பார்க்க முடியும். விளிம்பில் பொறித்த எண்ணைப் பத்து மடங்கு லென்ஸில் படிப்பது பழக்கமில்லாதவர்களுக்குக் கடினம் என்பதால், அருகிலுள்ள மதிப்பீட்டாளரிடம் காட்டி எண்ணையும் எடையையும் அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவகாசம் முடிவதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும். அதுவரை பத்தர் கையில் கல்லைக் கொடுக்க வேண்டாம்.

பதிக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வழக்கப்படி 22 காரட் மஞ்சள் தங்கத்தில் அடிப்பக்கம் மூடிய கட்டடத்தில் (கல்லைப் பதிக்கும் அமைப்பில்) இந்தக் கல்லைக் கட்டினால், தங்கத்தின் மஞ்சள் உள்ளே ஏறி, இருக்கும் கொஞ்ச ரோஜா சாயலும் கலங்கிப்போகும். இளம் நிறக் கல்லுக்கு 18 காரட் ரோஸ் கோல்டில் திறந்த கட்டடமே பொருத்தம். ஏற்கெனவே பதித்து வரும் மோதிரத்தில் ஹால்மார்க் முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீடும் இருப்பதைக் கண்டு வைரமும் சோதிக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே உரிய முத்திரை.

முதலீடு என்று சொல்லி விற்றால் விலகி வந்துவிடுங்கள். ஃபெயிண்ட், வெரி லைட் தரத்துக் கற்களை நம் ஊர்க் கடைகளில் திருப்பி விற்கப் போனால், தங்கத்துக்கு விலை சொல்வார்கள். கல்லுக்கு, வெள்ளைக் கல்லாகக்கூட மதிக்காமல், நிறம் அடிக்கிறது என்று விலை குறைப்பார்கள். அணிந்து மகிழ்வதற்காக, கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கு ஏற்ற விலையில் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சொன்னதற்கு மாறான கல் வந்துவிட்டால் கூச்சப்பட்டு மூடி வைக்காதீர்கள். உறவினர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்கியே பலர் அவகாசத்தைத் தவறவிடுகிறார்கள். முதலில் விற்பனையாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் சூரத்திலோ மும்பையிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் அளிக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, சான்றிதழ், உறை பிரித்த வீடியோ, மதிப்பீட்டாளரின் எழுத்துமூல அறிக்கை ஆகியவற்றைப் புகாருடன் இணையுங்கள். விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டும் நாளிலேயே படமெடுத்து வைத்திருக்க வேண்டும். தகராறு தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை.