கிண்ணத்தைக் கடந்த மருந்து மூளைக்குள் போய்விடாது

பார்க்கின்சன் நோயாளியான பெரியவர் ஒருவரைச் சென்ற வாரம், விறைத்த கைகால்களோடும் கடுங்காய்ச்சலோடும் தூக்கி வந்தார்கள். ஐந்து நாளாக அந்நோய்க்கான லெவோடோபா மாத்திரையை நிறுத்திவிட்டு, “ரத்த மூளைத் தடுப்பைக் கடப்பதாக ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது” என்று டப்பாவில் அச்சிட்ட மூலிகைக் கேப்சூலைக் கொடுத்திருந்தார்கள். (ரத்தத்தில் உள்ளவை கண்டபடி மூளைக்குள் போகாமல் காக்கும் ரத்தநாளச் செல்களின் அரணே இந்தத் தடுப்பு.) இந்த வாசகத்தை நம்பி இவ்வாண்டில் என்னிடம் வந்த நான்காவது குடும்பம் இது. மருத்துவத்துக்கு அப்பால், அத்தகைய ஆய்வக மாதிரிகளை மூன்று ஆண்டுகள் கைப்பட வளர்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அந்த ‘ஆய்வகம்’ பெரும்பாலும் விரல்நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கிண்ணம்தான். அதன் அடியில் 0.4 மைக்ரான் துளைகளுள்ள சவ்வும், அதன்மேல் ஒற்றை அடுக்காக வளர்ந்த செல்களும் இருக்கும். மேலே மருந்தை ஊற்றிவிட்டு, கீழே எவ்வளவு இறங்கியது என்று அளப்போம். செல்களின் நெருக்கத்தை மின்தடை காட்டும்; அது கூடக் கூட அடுக்கு இறுக்கமானது என்று பொருள். உயிருள்ள எலியின் மூளை ரத்தநாளத்தில் 1,000 ஓம் சதுர சென்டிமீட்டரைத் தாண்டும் அந்த அளவு, 2005 முதல் பரவலாகப் புழங்கும் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் ஒரு மனித மூளைநாளச் செல் வரிசையில் வழக்கமாகச் சில பத்துகளிலேயே நின்றுவிடுகிறது. பிப்பெட் முனை லேசாக உரசினாலும் போதும், ஃபுளுரசீன் சாயம் பச்சையாகக் கீழே இறங்கி நிற்கும். இவ்வளவு ஒழுகும் அடுக்கை ஒரு பொருள் கடந்தது என்பதில் என்ன பெருமை இருக்கிறது? அதிலும் கிண்ணத்தில் மருந்தை நேரடியாக ஊற்றுகிறோம். கேப்சூலோ குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் ரத்தத்துக்கே வர வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது, இந்தத் தடுப்பை ஒரு சல்லடையாக நினைத்து, “நுண்ணிய துகள், எனவே உள்ளே போகும்” என்று படித்தவர்களும் சொல்வதுதான். பார்க்கின்சன் நோயில் மூளையில் குறைந்துபோகும் வேதிப்பொருள் டோபமைன்; மூளைக்குள் போய் அதுவாக மாறுவதுதான் லெவோடோபா. சல்லடை என்றால் டோபமைன் எளிதாக நுழைய வேண்டும், அதைவிடப் பெரிய மூலக்கூறான லெவோடோபா வெளியே நிற்க வேண்டும். நடப்பது நேர்மாறு. அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதம் லெவோடோபாவை உள்ளே கொண்டுபோகிறது. டோபமைனுக்கு அந்த வழி இல்லை. (புரத உணவும் அதே கடத்திக்குப் போட்டியிடுவதால்தான் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடச் சொல்கிறோம்.) உள்ளே வந்ததைப் பிடித்து வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. 1994-இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வு ஒன்றில், அத்தகைய பம்புக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளின் மீது உண்ணியை ஒழிக்க ஐவர்மெக்டின் தெளித்தபோது, சாதாரணச் சுண்டெலிகள் தாங்கிக்கொண்ட அதே மருந்து மூளைக்குள் புகுந்து அவை செத்தன. பம்பு சரியாக இயங்காத கிண்ணத்தில், உடலில் அது வெளியே தள்ளிவிடும் மருந்தும் தாராளமாகக் கடந்ததாகவே தோன்றும்.

இந்த மாதிரிகள் வீணல்ல. ஆயிரம் மூலக்கூறுகளில் தேறாதவற்றை ஆரம்பத்திலேயே கழிக்க அவை உதவுகின்றன, விலங்குச் சோதனைகளும் குறைகின்றன. ஆனால் அவை முதல் படி மட்டுமே.

டப்பாவைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே படிப்போம். எந்தச் செல், மின்தடை எவ்வளவு, மனிதரின் மூளைத் தண்டுவட நீரில் அளந்தார்களா என்று கேட்போம். லெவோடோபாவையோ வலிப்பு மாத்திரையையோ மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் லெவோடோபாவில் உயிர்கொல்லும் காய்ச்சலும் விறைப்பும் வரலாம், வலிப்பு மாத்திரையில் ஓயாத வலிப்பு வரலாம். நிறுத்திவிட்டீர்கள் என்றால் கூச்சப்படாமல் அன்றே வந்து சொல்லுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம்.