நியூட்ரலில் இறக்காதீர்கள், பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்

இந்தச் சித்திரை விடுமுறையில் என் கராஜ் வாசலில் புகையோடு வந்து நின்ற ஐந்தாவது வாகனம் அது. புசல்லாவைப் பக்கம் எனக்குக் கடை. நுவரெலியாவில் இருந்து இறம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்குகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்னேரம் ஐந்து மணி, மலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. வாகனம் வளைவு திரும்ப முன்பே வாடை வந்து சேர்ந்தது. பிரேக் பேட் கருகும் வாடை. ஒரு தரம் மூக்கில் ஏறினால் பிறகு மறக்காது.

வவுனியாவில் இருந்து வந்த குடும்பம். அப்பா, அம்மா, அப்பாச்சி, மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்கு நாலு வயது இருக்கும். கையில் ஸ்ட்ரோபெரிப் பெட்டியோடு இறங்கியவள், நேரே முன் டயரடிக்குப் போய்க் குந்திவிட்டாள். றிம்முக்குள் இருந்து புகை சுருள் சுருளாக வருகிறது, பிள்ளைக்கு அது வேடிக்கை. விரலை நீட்டுகிறாள். ஓடிப்போய்த் தூக்கினேன். பெரியவர்களுக்கு விளங்கட்டும் என்று, கை கழுவின ஈரத்தை டிஸ்க் பக்கமாக ஒரு துளி உதறிக் காட்டினேன். தோசைக்கல்லில் பட்டது போலச் சுர்ரென்றது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"எப்படித் தம்பி இறக்கிக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நியூட்ரலிலதான் அண்ணை. பெற்றோல் விக்கிற விலைக்கு இறக்கத்திலயாவது மிச்சம் பிடிக்க வேணாமே?"

இருபத்திரண்டு வருஷமாக இதே பதிலைக் கேட்கிறேன். கொழும்பில் இருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார், மட்டக்களப்பில் இருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்பது காபரேட்டர் காலத்துக் கதை. அந்த வாகனங்களில் இன்ஜின் சுற்றும் மட்டும் ஏதோ கொஞ்சம் பெற்றோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்று நீங்கள் ஓட்டுவது இன்ஜெக்‌ஷன் வாகனம். இறக்கத்தில் கியரில் இருந்தபடி அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், வாகனத்தின் கம்ப்யூட்டர் பெற்றோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. அந்நேரம் இன்ஜினைச் சுற்றுவது டயர்தான். நியூட்ரலில் போட்டால் டயருக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இன்ஜின் நின்றுபோகாமல் இருக்க அது பெற்றோல் குடித்தே ஆக வேண்டும். அதாவது, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறீர்கள். நம்பாவிட்டால், லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று காட்டும் டிஸ்ப்ளே உள்ள வாகனத்தில் பாருங்கள். கியரில் காலை எடுத்து இறங்கும்போது அந்த எண் உச்சிக்குப் போய் நிற்கும். சரி, மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர இறக்கத்தில் சிறிய கார் ஒன்று சும்மா நின்று குடிப்பது ஒரு லீட்டர்கூட வராது. அந்த ஒரு லீட்டருக்காகவா மூன்று பிள்ளைகளையும் பள்ளத்தின் ஓரத்தில் கொண்டுபோகிறீர்கள்?

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500. ஆட்களும் சாமானுமாக ஒன்றரைத் தொன் வரும் கார் 1300 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் சக்தி முழுவதையும் வெப்பமாக்கினால் ஐம்பது லீட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கல்யாண வீட்டு அண்டாவை நினைத்துப் பாருங்கள். நியூட்ரலில் விட்டால் அந்தச் சூட்டின் பெரும் பகுதி உள்ளங்கை அகலப் பேட்களின் தலையில்தான். கியரில் விட்டால் இன்ஜின் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

அன்றைக்குப் பிரேக் ஒயில் மூடியைத் திறந்து பார்த்தேன். பிளேன்டீ நிறம். டொட் 4 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருந்தால் 230 பாகை வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசாகிவிட்டால் 155 பாகையே போதும். ஒயில் கொதித்துக் குமிழி விட்டால் காலால் மிதிக்கும் பிரேக் கட்டை தரை மட்டும் போகும், வாகனம் நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று சொன்னால், "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்பார்கள். சமதரையில் பிடிக்கும். லபுக்கலை வளைவுகளில் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

2025இல் மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவிலும், செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்தன. கெரண்டி எல்ல நான் தினமும் போய்வரும் வீதியில் இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டும்போது இப்போதும் வயிறு கலங்கும்.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். செக்கண்ட் என்றால் செக்கண்ட். இன்ஜின் சத்தம் போடும், போடட்டும், உடையாது. பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். "எங்களது ஓட்டோ கியர், மாற்ற ஒன்றும் இல்லையே" என்று சொல்லாதீர்கள். கியர் கம்படியில் 'டி' (D) என்ற எழுத்துக்குக் கீழே 'எல்' (L), 'பி' (B), 'எஸ்' (S), 2 என்று ஏதோ ஒன்று இருக்கும், அதை உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறான். ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இறக்கத்தில் பெற்றரியை நிரப்பியபடி வாகனத்தைப் பிடித்து வைப்பது மோட்டர்தான், பெற்றரி நிறைந்துவிட்டால் அந்தப் பிடிப்பு குறைந்துபோகும், அந்த நேரம் 'பி' அல்லது 'எல்' கட்டாயம் வேண்டும். இன்ஜினையே நிறுத்திவிட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதவே எனக்குக் கை வரவில்லை.

பிள்ளைகள் இருக்கும் வாகனத்தில் இன்னொன்று. அன்று டிரைவர் சீட்டுக்குக் கீழே கை விட்டுப் பார்த்தேன். அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, ஒற்றைச் செருப்பு, பந்து. இறக்கத்தில் இவையெல்லாம் முன்னுக்குத்தான் உருளும். போத்தல் பிரேக் கட்டைக்கு அடியில் போய்ச் சிக்கினால், பிரேக் எத்தனை புதிதாக இருந்தாலும் பிரயோசனம் இல்லை. புறப்பட முன்பு அந்த இடத்தைத் துடைத்து எடுங்கள்.

பிள்ளையை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கக் கொடுக்கும் அப்பாமாரே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். பிள்ளையின் முழங்கை பட்டால் கியர் கம்பு நகரும். முன்சீட்டில் அம்மா மடியும் பாதுகாப்பு இல்லை. நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போய் மோதினால் பத்துக் கிலோப் பிள்ளை அந்தக் கணத்தில் நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும், எந்தத் தாயின் கையும் தாங்காது. பின்சீட், பெல்ட், சின்னவர்களுக்குச் சைல்ட் சீட்.

வாடை வந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டுங்கள். "கம்பளை போய்ப் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். டயருக்குக் கல் வையுங்கள். பிள்ளைகளை வீதிப் பக்கம் இறக்காதீர்கள், டயரடிக்கு விடவே விடாதீர்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கொதிக்கிற டிஸ்க் கோணிவிடும், வெடித்தும் போகும். குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். கட்டை மெத்தென்று போனால் வாகனத்தை அசைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

அந்தக் குடும்பம் இரண்டரை மணி நேரம் என் கடையில் இருந்தது. பிரேக் ஒயில் மாற்றி, பிரேக் குழாய்க்குள் இருந்த காற்றை எடுத்து, பேட் புதிதாகப் போட்டேன். அதற்குள் என் வீட்டுக்காரி பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தாள், அப்பாச்சிக்கு இஞ்சித் தேத்தண்ணி. இந்த வீதியில் எந்த லயத்து வாசலில் நின்றாலும், எந்தத் தேத்தண்ணிக் கடையில் நின்றாலும் பிள்ளைக்குச் சுடுதண்ணீர் கிடைக்கும். "இருட்டிப்போகும், நிற்க இடமில்லை" என்று பயந்து ஓட வேண்டாம். சின்னவனுக்கு வாந்தி வருகிறதா, நிறுத்துங்கள். அப்படி நிற்கிற பத்து நிமிஷம் பிரேக்கும் ஆறும்.