ஸ்பிரிங்: வில், சுருள்வில், மீட்சி

ஸ்பிரிங்குக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் 'சுருள்வில்' என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் தந்த சொல். நல்ல சொல்தான், ஆனால் எல்லா ஸ்பிரிங்கும் சுருண்டிருப்பதில்லை. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்கும் எஃகுப் பட்டைகளில் சுருள் ஏது? பாரம் ஏறினால் வளையும், இறங்கினால் பழையபடி ஆகும். வில்லின் வேலையே அதுதான். அந்த மாதிரிப் பட்டை வைத்த மாட்டுவண்டியை நம் ஊர்களில் வில்வண்டி என்றார்கள். மலையாளத்தில் வில்லுவண்டி, 1893-ல் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி, அவர்களுக்கு இருந்த தடையை மீறிப் பொதுச்சாலையில் ஓட்டிப் போனது அதைத்தான். ஆக, பொதுப்பெயர் 'வில்'. சுருண்டிருந்தால் மட்டும் 'சுருள்வில்'.

இலங்கைப் பாடநூல்களில் ஸ்பிரிங் வெறும் வில்தான். ஸ்பிரிங் தராசு அங்கே 'விற்றராசு'. புணர்ச்சி விதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் முதன்முறை படிப்பவருக்கு, எதையோ விற்ற ராசு என்று ஓர் ஆளின் பெயராகத் தோன்றும்! வில் தராசு என்று பிரித்தே எழுதலாம்.

ஆங்கிலச் சொல்லின் வேர், துள்ளிப் பாய்வதைக் குறித்த பழைய வினை. நீரூற்றுக்கும் இளவேனிலுக்கும் அங்கே அதே சொல் வழங்குவது அதனால்தான்.

இதைவிடச் சுவையானது 'எலாஸ்டிக்'. அதன் கிரேக்க மூலத்துக்கு, அடித்து நீட்டத்தக்கது என்று பொருள். தட்டி நீட்டிய தகடு திரும்பிச் சுருங்காது. அதாவது, குறிக்க வேண்டிய பண்புக்கு நேர் எதிரான இடத்திலிருந்து கிளம்பி வந்த சொல் அது. அந்தப் பண்புக்கு நாம் சொல்லும் 'மீட்சி', 'மீள்' என்ற வினையிலிருந்து வந்தது. இலங்கை வழக்கான 'மீள்தன்மை'யும் அப்படியே. நீள்வதை விட்டுவிட்டுத் திரும்புவதைப் பிடித்துக்கொண்ட சொற்கள் இவை. இயற்பியலுக்கு வேண்டியதும் அதுதான். எஃகு ரப்பரைவிட மீட்சி மிக்கது என்றால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். 'எலாஸ்டிக்' என்றதும் இழுபடுவது மட்டுமே நினைவுக்கு வருகிறது. அதே அளவு நீட்ட எஃகுக்கு ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதல் விசை வேண்டும், அத்தனை விசையோடு அது திரும்ப முயலும். மீட்சிக்குப் பதில் 'நெகிழ்ச்சி' என்று எழுதுகிறவர்கள் இந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவருகிறார்கள்.

ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1676-ல் ஸ்பிரிங் பற்றிய தன் விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டார். 1678-ல் ஒரு நூலில் விடையைச் சொன்னார்: நீட்சி எப்படியோ விசையும் அப்படி. அந்த நூலின் லத்தீன் தலைப்பில் அவர் சொன்னது 'மீட்கும் ஆற்றல்' என்று. கிரேக்க வேரைவிட நம் சொல்லுக்கு ஹூக் நெருக்கம்.

ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் 5 செ.மீ. நீளும் வில்லுக்கு, இரண்டு கிலோ தொங்கினால் 10 செ.மீ. நீட்சி. விசையை நீட்சியால் வகுத்தால் வில் மாறிலி. இங்கே மீட்டருக்குச் சுமார் 196 நியூட்டன். வில் திரும்ப இழுக்கும் மீட்சி விசை எப்போதும் நீட்சிக்கு எதிர்த்திசையில் இருக்கும், ஹூக் விதியின் சமன்பாட்டில் கழித்தல் குறி வருவது அதற்காக. இந்தக் கணக்கெல்லாம் ஓர் எல்லை வரைதான். பேனாவுக்குள் இருக்கும் வில்லை வேண்டுமென்றே இழுத்துப் பார்த்தவர்களுக்கு அது எங்கே முடிகிறது என்று தெரியும்.

சுருள்வில்லை இழுக்கும்போது கம்பி நீள்வதாகத்தான் தோன்றும். உண்மையில் கம்பி பெரும்பாலும் முறுக்கப்படுகிறது. கம்பியின் தடிமனை இருமடங்காக்கினால் வில் 16 மடங்கு விறைக்கும். சுருளின் விட்டத்தை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். பாதியாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழு வில்லைப்போல் இருமடங்கு விறைப்பாக இருக்கும், சுற்றுகள் பாதியானதால். கறாராகப் பார்த்தால் வில்போல் வளைந்து வேலை செய்வது லாரியின் பட்டைதான், சுருள்வில்லில் நடப்பது முறுக்கம். அதற்காக 'சுருள்முறுக்கி' என்று புதுப்பெயர் சூட்டக் கிளம்ப வேண்டியதில்லை.