நாய்தான் அடுப்பு: உறைபனி இரவில் வெளியே படுக்கும் நாய்க்கு என்ன வேண்டும்?

ஜனவரி காலையில் ஊட்டிப் பக்கம், குறிப்பாகத் தலைகுந்தா மாதிரிப் பள்ளமான புல்வெளிகளில் நடந்தால் ஒன்றைப் பார்க்கலாம். புல் முழுக்க உப்பைத் தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். நடுவில் ஒரு முறம் அளவுக்கு மட்டும் பச்சையாக ஒரு வட்டம். ராத்திரி முழுக்க ஒரு நாய் அங்கே சுருண்டு படுத்திருந்திருக்கிறது. அந்தப் பச்சை வட்டத்தை முதலில் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் பனி பிடிக்காமல் காத்ததில் ஒரு பங்கு அந்த நாயின் உடம்பிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய சூடு.

நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை, நம்மைவிடக் கொஞ்சம் கூடுதல். 20 கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருந்தாலே ஏறக்குறைய 30 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், ஒரு சின்ன குண்டு பல்பு அளவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் இரவில் அதற்கு இருக்கிற அடுப்பு அது ஒன்றுதான். நாம் செய்ய வேண்டியது அந்தச் சூடு போகும் வழிகளை அடைப்பது.

வழிகள் நான்கு: தரை, காற்று, ஈரம், வானம். கடைசியில் சொன்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மேகமில்லாத இரவில் தரையும் புல்லும் கார் கூரையும் தங்கள் சூட்டைக் கதிர்வீச்சாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பெரும் பங்கு திரும்பி வரும், தெளிந்த வானத்திலிருந்து வருவது மிகக் குறைவு. மரத்தடியில் நிறுத்திய கார்மேல் உறைபனி பிடிக்காமல், பக்கத்தில் வெட்டவெளியில் நின்ற கார்மேல் மட்டும் பிடிப்பது இதனால்தான். இரண்டு காரையும் சுற்றியிருக்கும் காற்றின் குளிர் ஏறக்குறைய ஒன்றுதான், தலைக்கு மேலே இருப்பதுதான் வேறு. நாய்க்கும் இதே கணக்குதான். கடை வாசல் தகரக் கூரைக்கு அடியில் படுக்கிற நாய், பத்தடி தள்ளி வெளியில் படுக்கிற நாயைவிடக் குறைவான சூட்டை இழக்கிறது. ராத்திரி கடையைச் சாத்தும்போது அந்த நாயை விரட்டாமல் விட்டாலே பெரிய உதவி.

அடுத்தது ஈரம். ரோமம் சூடு தருவதில்லை, ரோமத்துக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. குளிரில் நாய் முடியைச் சிலிர்த்துக்கொள்வதும் அந்தக் காற்று அடுக்கைத் தடிமனாக்கத்தான். நனைந்துவிட்டால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும், தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால், என்னைக் கேட்டால், வெறும் உறைபனி இரவைவிடக் கவலைப்பட வேண்டியது நவம்பர், டிசம்பரில் காற்றோடு தூறல் விழுகிற 8 டிகிரி இரவுகளைத்தான். அந்த மாதங்களில் சாயங்காலம் நாயைக் குளிப்பாட்டவே கூடாது. நனைந்து வந்தால் வயிறு, அக்குள், விரல் இடுக்கு வரை துடைத்துவிட்டுப் படுக்க விடுங்கள்.

எல்லா நாய்க்கும் ஒரே ரோமம் கிடையாது. ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நாய்களுக்கு மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சுபோல் அடர்ந்த குட்டை முடி என்று இரண்டு அடுக்கு இருக்கும். நம்முடைய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் சமவெளி வெயிலில் ஓடி வேட்டையாடுவதற்கென்று வளர்ந்தவை: குட்டை முடி, ஒட்டிய வயிறு, தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. வெயிலில் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றத் தோதான அதே உடம்பு, 2,240 மீட்டர் உயரத்தில் ராத்திரி அதற்கு எதிரியாகிவிடும். காவலுக்கென்று அவற்றை மலைக்குக் கொண்டுவந்து கேட்டருகே சங்கிலியில் கட்டிப்போடுவதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. அவற்றுக்கு இரவில் வீட்டுக்குள் இடம் கொடுங்கள், முடியாவிட்டால் மலைக்குக் கொண்டுவராதீர்கள். குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும் இது பொருந்தும். உருவம் சிறுத்தால், எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம், சூடு போகும் வாசலும் அதிகம்.

சரி, பாதம்? செருப்பில்லாமல் உறைந்த தரையில் எப்படி நிற்கிறது? 2011-இல் ஜப்பானில் ஹிரோயோஷி நினோமியாவும் குழுவினரும் நாயின் பாத ரத்தக் குழாய்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாதத்துக்குச் சூடான ரத்தம் கொண்டுவரும் தமனியை ஒட்டியே, குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் சிரைகள் வலைபோல் சூழ்ந்திருக்கின்றன. வருகிற சூடு பாதத்தின் நுனி வரை போய் வீணாகாமல், வழியிலேயே திரும்பும் ரத்தத்துக்குக் கைமாறுகிறது. உடம்புக்குள் குளிர்ந்த ரத்தம் போய்ச் சேர்வதில்லை, பாதமும் உறையாமல் தேவையான அளவுக்குச் சூடாக இருக்கிறது. அற்புதமான ஏற்பாடு. ஆனால் காதுமடல் நுனிக்கும் வால் நுனிக்கும் இந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை, கடும் குளிரில் முதலில் விறைப்பதில் அவையும் உண்டு. சுருண்டு படுத்து வாலால் மூக்கை மூடிக்கொள்வது இந்த ஓரங்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளத்தான்.

இப்போது கூண்டு. பெரியதாகக் கட்டினால் நாய்க்கு வசதி என்று நினைக்கிறோம். குளிருக்கு அது தப்பு. 30 வாட் அடுப்பால் ஒரு பெரிய அறையைச் சூடாக்க முடியாது. நாய் எழுந்து நிற்க, ஒரு சுற்றுச் சுற்ற, சுருண்டு படுக்க இடம் இருந்தால் போதும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்காவது செங்கல்லோ கட்டையோ வைத்துத் தூக்குங்கள், அடியில் காற்று புகாமல் மூன்று பக்கம் அடையுங்கள். வாசல் காற்றடிக்கும் பக்கம் பார்க்கக் கூடாது, அதில் ஒரு கனமான ரப்பர் விரிப்பைத் தொங்கவிடலாம். மீன் கடையில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டியின் பலகைகளை இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே வைத்து அடித்தால் நல்ல சுவர் கிடைக்கும். வெறுமனே வைத்தால் கடித்து விழுங்கிவிடும். நீலகிரியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும், சிறுத்தை. காட்டோரத் தோட்டம் என்றால் இரவில் சங்கிலியில் கட்டிய நாய் அதற்குச் சுலபமான இரை. சங்கிலியில்லாமல், கம்பிக் கதவு போட்ட கொட்டகைக்குள் கூண்டை வையுங்கள்.

உள்ளே என்ன விரிப்பது? முதல் வருடம் நான் பழைய கம்பளியைத்தான் போட்டேன். நாயின் மூச்சும் ஈரக் காலும் சேர்ந்து அது நனைந்து, காலையில் எடுத்தால் அப்பளம்போல் விறைத்து நின்றது, நாய் அதைவிட்டு விலகி வெறும் பலகையில் படுத்திருந்தது. சாக்கும் அப்படித்தான். அப்புறம்தான் வைக்கோலுக்கு மாறினேன். வைக்கோல் தண்டு உள்ளே குழல், காற்று நிற்கும், கம்பளிபோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளாது. நாய் அதற்குள் புகுந்து தானே ஒரு குழி தோண்டிக்கொள்ளும். ஒரு பிடி போதாது, படுத்தால் முதுகு பாதி மறைகிற அளவுக்குத் திணியுங்கள்.

சாப்பாடு கூட்டித்தான் கொடுக்க வேண்டும், நடுங்குவதற்கும் எரிபொருள் வேண்டுமே. ராத்திரிச் சோற்றில் முட்டையோ கொஞ்சம் கொழுப்புள்ள கறியோ சேர்க்கலாம். தண்ணீர் உறைந்து கிடந்தால் நாய் பனியை நக்கும். ஒரு கிலோ பனியை உருக்கி உடல் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 120 கிலோ கலோரி போகும். 20 கிலோ நாய் சும்மா படுத்திருக்க ஒரு நாளைக்குத் தேவைப்படுவதே 660 கிலோ கலோரிதான். அதனால் காலையில் முதல் வேலையாக வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள், உலோகத் தட்டு வேண்டாம்.

பிராந்தி ஊற்றினால் சூடாகும் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மது தோலருகே உள்ள ரத்தக் குழாய்களை விரியவைத்து உள்ளிருக்கும் சூட்டை வெளியே கொட்டும், நாய்க்கு அது விஷமும்கூட. மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பும் வைக்காதீர்கள், அதன் கார்பன் மோனாக்சைடு மனிதரையே தூக்கத்தில் கொல்லும். அணைந்துபோன தீமூட்டத்தின் சாம்பலில் தெரு நாய்கள் வந்து படுக்கும், அடியில் தணல் இருந்தால் பாதமும் வயிறும் வெந்துவிடும், கிளறித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போங்கள்.

நடுங்குகிற நாய் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. நடுங்கிக்கொண்டிருந்தது நடுக்கம் நின்று, தள்ளாடி, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தால்தான் ஆபத்து. உள்ளே தூக்கி வந்து துடைத்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நெஞ்சுப் பக்கம் வைத்து, போர்த்தி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். விறைத்த காதைத் தேய்க்காதீர்கள், தீயருகே காட்டாதீர்கள், தோல் கிழியும்.

நான் தினமும் காலையில் வைக்கோலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்கிறேன். காய்ந்து, இளஞ்சூடாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். அடியில் ஈரம் தட்டினால் அன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுப் புதிது மாற்றிவிடுவேன்.