வால் காவலரா, வால்பூணா?

ஓர் இணையக் கடையின் தமிழ்ப் பக்கத்தில், சக்கரம் வைத்த பலகையான ஸ்கேட்போர்டுக்கான பிளாஸ்டிக் பாகங்களைப் பார்த்தேன். பலகையின் பின்முனையில் (டெயில்) பொருத்தும் டெயில் கார்டு ‘வால் காவலர்’ ஆகியிருந்தது. முன்முனைக்கான நோஸ் கார்டு ‘மூக்குக் காவலர்’. பலகையின் அடியில் திருகும் ரெயில்ஸ் ‘தண்டவாளங்கள்’. மொழிபெயர்ப்பின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ‘பாதுகாப்பு உபகரணங்கள்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அதை நம்பித்தான் எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா ஏழாவது படிக்கும் மகனுக்கு ஒரு செட் வாங்கிவிட்டார். கையகல பிளாஸ்டிக் தகடு, நீளமாக இரண்டு பட்டைகள், ஒரு பொட்டலம் திருகாணி. “தம்பி, இதை முட்டியில எப்படிக் கட்டறது?” என்று கேட்டார். “அக்கா, இது பையனுக்கு இல்ல, பலகைக்கு” என்றேன். முட்டிக்கு ஒன்றுமில்லாமலே அவன் அன்று மாலை இறங்கிவிட்டான். பெங்களூரு சாலைகளைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

கார்டு என்பதற்குக் காப்பவர், காப்பது என இரண்டு பொருளும் உண்டு. எந்த இடத்தில் எது என்று பொருளைப் பார்த்தால் தெரியும். அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டினால் வாலுக்குப் போலீஸ்தான் வரும். ரெயில் லத்தீன் ‘ரெகுலா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். நேரான கோல் என்பதுதான் மூலப்பொருள். ரயில்வண்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே வேலிக்கும் மாடிப்படிக்கும் ரெயில் இருந்தது. ஆக, தண்டவாளத்துக்கு இங்கே வேலையே இல்லை.

சரி, டெயில் கார்டு என்னதான் செய்கிறது? ஸ்கேட்போர்டின் பலகை பெரும்பாலும் ஏழு அடுக்கு மேப்பிள் மரம். நிறுத்தவும் எம்பவும் வாலைத் தரையில் இடிப்பார்கள். இடித்து இடித்து முனை தேய்ந்து, அடுக்குகள் பிரிந்து, கடைசியில் சவரக்கத்தி மாதிரி கூர்மையாகிவிடும். வாலின் அடியில் திருகிய பிளாஸ்டிக் தகடு, மரத்துக்குப் பதிலாகத் தான் தேய்கிறது. தேய்ந்தபின் கழற்றி எறிந்து வேறொன்று போடலாம். 1980களில் இது சாதாரணமாகப் பலரின் பலகையிலும் இருந்தது. 90களில் எடை குறைந்த பலகையோடு தெருவில் எம்பிக் குதிப்பது பரவியபின் இந்தப் பிளாஸ்டிக்கெல்லாம் பெரும்பாலும் கழன்றுபோனது. இப்போது பழைய பாணிப் பலகைகளோடு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது.

இதற்கு ‘வால் கவசம்’ போதாதா என்று ஒரு நண்பர் சண்டைக்கு வருகிறார். கவசம் வடசொல் என்பதால் மறுக்கிறேன் என்று நினைக்கிறார். அப்படியில்லை. தலைக்கவசம், முகக்கவசம், சஷ்டி கவசம் என்று தமிழில் கவசம் வரும் இடங்களில் பெரும்பாலும் அது ஆளைக் காக்கிறது. கோயிலில் வெள்ளிக் கவசம் சாத்துவதும் திருமேனிக்குத்தான். ‘வால் கவசம்’ என்று எழுதினால் அந்த அக்கா மறுபடியும் முட்டியில் கட்டத்தான் பார்ப்பார். அதோடு, கவசம் மூடும், அடியைத் தடுக்கும். டெயில் கார்டு எதையும் மூடுவதில்லை, அடியை வாங்கித் தேய்வதுதான் அதன் பிழைப்பு. ‘காப்பு’ பரவாயில்லை. ஆனால் அது வளையல், விலங்கு, காப்புச் செய்யுள், காப்புரிமை என்று ஏற்கெனவே ஊர் முழுக்க வேலை பார்க்கிறது.

மரத்தின் முனை இடிபட்டுப் பிளக்காமல் இருக்க ஒன்றைப் பொருத்துவதற்கு நம்மிடம் ‘பூண்’ இருக்கிறது. உலக்கைக்குப் பூண், கைத்தடிக்குப் பூண், யானைத் தந்தத்துக்குப் பூண். பூணுதல் என்றால் அணிதல். பூணூலிலும் அந்தப் பூண்தான். உரலில் நெல் குத்தியவர்கள் யாரும் உலக்கையின் நுனியில் ‘காவலரை’ வைக்கவில்லை. பூண் வளையமாயிற்றே, இது தகடாயிற்றே என்கிறார் நண்பர். வடிவத்தைப் பிடித்துத் தொங்குகிறார். செய்யும் வேலை ஒன்றுதானே. வால்பூண், மூக்குப்பூண். புணர்ச்சி விதிப்படி ‘வாற்பூண்’ என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும், கடையில் கேட்டு வாங்க வால்பூண் போதும்.

‘நெகிழி வாற்காப்பான்’ என்று இன்னொரு ஆக்கமும் கண்ணில் பட்டது. தூய தமிழ்தான், ஆனால் யாருக்குப் புரியும்? தமிழ்நாட்டின் 2019 பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு நெகிழி என்றால் கடையில் தரும் பைதான் நினைவுக்கு வருகிறது. திருகாணி போட்டு முடுக்கும் கெட்டித் தகட்டை ‘நெகிழும்’ பொருளாகச் சொல்வதும் எனக்கு ஒட்டவில்லை. பிளாஸ்டிக் என்றே எழுதுகிறேன்.

தண்டவாளத்துக்கு மாற்று ‘அடிப்பட்டை’. பலகையின் அடியில் இரு ஓரத்திலும் நீளவாட்டில் திருகுவது, பலகை கம்பியிலோ திண்டின் விளிம்பிலோ வழுக்கும்போது மரமும் அடியிலுள்ள ஓவியமும் சிராய்க்காமல் பார்த்துக்கொள்வது, அந்தரத்தில் பலகையைப் பிடிக்க விரலுக்கு இடம் தருவது. பட்டை என்ற சொல் தச்சருக்கும் தெரியும், தையல்காரருக்கும் தெரியும்.

சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் ரைசரை மட்டும் இப்போதைக்கு ரைசர் என்றே விட்டுவிடலாம். பலகையைச் சற்று உயர்த்தி, சாய்ந்து திரும்பும்போது சக்கரம் மரத்தில் உரசாமல் செய்கிறது. அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. நல்ல சொல் கிடைத்தால் சொல்லுங்கள். ‘உயர்த்துபவர்’ என்று மட்டும் வேண்டாம்.