12 கிலோ குறைந்தது. அதில் தசை எவ்வளவு?

கடந்த ஆண்டு என் ஆலோசனை அறைக்கு 54 வயது ஆசிரியை ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டரை மாதத்தில் 78 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு இறங்கியிருந்தார். இரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருந்தது. பள்ளியில் எல்லோரும் எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்களாம். ஆனால் அவர் என்னைத் தேடி வந்த காரணம் வேறு. டவுன் பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டும். "வயது வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதானா, மேடம்?" என்று கேட்டார்.

கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். 19 வினாடிகள் ஆயின. மூன்றாவது முறையே கட்டிய கை அவிழ்ந்து நாற்காலியின் பிடியைத் தேடியது. ஆசிய நாடுகளுக்கான தசைக்குறைவு வழிகாட்டுதல் இந்தச் சோதனைக்கு வைத்திருக்கும் எல்லை 12 வினாடி. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ உடலின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். தொடைத் தசை இளைத்திருக்கிறதா என்று பார்க்கத் தூண்டும் முதல் அடையாளம் இது.

பிறகு உணவைக் கேட்டேன். காலையில் மோர் கலந்த கேழ்வரகுக் கஞ்சி ஒரு டம்ளர். மதியம் ஒரு கிண்ணம் குதிரைவாலிச் சோறு, ஒரு கரண்டி சாம்பார், நிறையக் காய்கறி. இரவில் பப்பாளி மட்டும். இடையில் சர்க்கரை போடாத டீ இரண்டு முறை. விடியற்காலையில் ஒரு மணி நேர நடை. ஒரு நாள்கூடத் தவறவில்லை. எண்ணெய், இனிப்பு, பொரித்த பண்டம் எதுவும் இல்லாத, பார்த்தவுடன் பாராட்டத் தோன்றும் பட்டியல். புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். நாள் முழுவதற்கும் சேர்த்து 20 கிராம்கூடத் தேறவில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். 66 கிலோவுக்கு அது 55 கிராம் ஆகிறது. அதுவும் தேவையான அளவு கலோரி சாப்பிடுகிறவருக்கான கணக்கு. கலோரியைக் குறைத்தவருக்கு அது போதாது, கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து 1.6 கிராம் வரை தேவைப்படுகிறது. உணவைக் குறைக்கும்போது எல்லாவற்றையும் சரிசமமாகக் குறைக்கிறோம். புரதத்தை மட்டும் கூட்டவேண்டிய நேரம் அது.

கொழுப்பைச் சேமித்துவைக்க உடம்பில் கிடங்கு இருக்கிறது. புரதத்துக்கு அப்படித் தனிக் கிடங்கு கிடையாது. நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருள்கள், தோல், முடி எல்லாவற்றுக்கும் தினமும் புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலம் வேண்டும். உணவில் வராவிட்டால் உடம்பு கைவைக்கும் இடம் தசைதான். மூளைக்கு வேண்டிய குளுக்கோஸின் ஒரு பகுதியைக்கூடக் கல்லீரல் தசையிலிருந்து வரும் அமினோ அமிலத்திலிருந்து தயாரித்துக்கொள்ளும். உணவுக் குறைப்பால் மட்டும் இறங்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத பகுதி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குறைப்பு கடுமையாகவும் புரதம் சொற்பமாகவும் இருந்தால் அந்தப் பங்கு கூடும். முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் இரண்டு கிலோவைப் பார்த்து மகிழ்கிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதில் பெரும்பகுதி உடம்பு சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும்தான்.

நம் மக்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நின்றார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) ஒன்றே, 22.3. உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே எடையில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படும் உடல்வாகு. சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையை வாங்கிவைத்துக்கொள்ளும் பெரிய இடமும் தசைதான். சர்க்கரை நோய்க்காக எடை குறைக்கிறேன் என்று ஆரம்பித்து, இருந்த கொஞ்சம் தசையையும் கரைத்துவிட்டால் நோய்க்கு எதிரான கருவியையே இழக்கிறோம்.

"பருப்பு தினமும் சாப்பிடுகிறேனே" என்பார்கள். சாம்பாரில் பருப்பு இருக்கிறது. ஒரு கரண்டியில் வருவது இரண்டு மூன்று கிராம் புரதம்தான். ஒரு இட்லியில் இரண்டு கிராம் அளவு. சிறுதானியத்தில் நார்ச்சத்தும் தாதுக்களும் உண்டு, ஆனால் சோற்றுக்குப் பதில் தினை வந்தால் புரதப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புவது தவறு. அதுவும் தானியம்தான். காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராமை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் கிடைக்கும். ஒரு முட்டையில் 6 கிராம். 200 மில்லி பாலில் ஆறு, ஆறரை. 100 கிராம் மீனில் சுமார் 20. சோயா உருண்டை 30 கிராமில் 15. 100 கிராம் பனீரில் 18, ஆனால் கொழுப்பும் சேர்ந்து வரும். வேர்க்கடலையில் புரதம் நிறைய என்பது உண்மை. 100 கிராமில் 25 கிராம் புரதத்தோடு 550 கலோரிக்கு மேல் வரும் என்பதும் உண்மை. கைப்பிடியோடு நிறுத்த வேண்டும்.

ஆசிரியை முட்டை சாப்பிடுவார், மீன் கிடைத்தால் சாப்பிடுவார், இறைச்சி பிடிக்காது. அதனால் கஞ்சியை விடச்சொல்லாமல், அதனுடன் இரண்டு முட்டை சேர்த்தோம். மதியம் குதிரைவாலியைப் பாதியாக்கி, மீன் அல்லது சோயா, ஒரு கிண்ணம் கெட்டியான பருப்பு, தயிர். மாலையில் சுண்டல். இரவில் பப்பாளியைப் பின்னுக்குத் தள்ளிப் பாசிப்பயறு அடையும் பாலும். முதல் கட்டமாகப் புரதம் 70 கிராமை ஒட்டி வந்தது. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பங்கிட்டோம். கலோரி 1,300 அளவுக்கு உயர்ந்தது. "இவ்வளவு சாப்பிட்டால் எடை ஏறாதா?" என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் தேவைப்பட்டது.

உணவு பாதி வேலைதான். தசையை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சேதி உடம்புக்குப் போக வேண்டுமானால் தசைக்குச் சுமை வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கலோரியை 40 சதவீதம் குறைத்து, வாரத்துக்கு ஆறு நாள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்களுக்கு 4.8 கிலோ கொழுப்பு குறைந்து, 1.2 கிலோ தசைசார்ந்த எடை கூடியது. 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்கு 3.5 கிலோ கொழுப்பு குறைந்தது. தசை கூடவில்லை, குறையவும் இல்லை. நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது இந்த இரண்டாவது குழுவைத்தான். அத்தனை கடுமையான குறைப்பிலும் அவர்களுடைய தசை தங்கியதற்குப் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இளைஞர்களின் வேகம் 54 வயதுப் பெண்ணுக்குப் பொருந்தாது, வழி பொருந்தும்.

நடை இதயத்துக்கு நல்லது. அதைக் கைவிட வேண்டாம். ஆனால் நடை மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், மாடிப்படியின் முதல் படியில் ஏறி இறங்குதல், தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்குதல்: வாரத்துக்கு மூன்று நாள், கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்கும் அளவுக்குச் செய்யச் சொன்னேன். சுலபமாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும். எடை தூக்கினால் ஆண் உடம்பாகிவிடும் என்று பெண்கள் தயங்குகிறார்கள். ஆகாது. அப்படி ஆவதற்கான அளவு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பெண்ணுடலில் இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தபோது எடை 400 கிராம்தான் குறைந்திருந்தது. முகம் வாடிவிட்டது. இடுப்பை அளந்தேன், இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஐந்து முறை எழுந்து உட்கார 14 வினாடி. கை அவிழவில்லை. எடைக் கருவியின் எண்ணுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு எண்களையும் எழுதிவைக்கச் சொன்னேன். வீட்டில் இருக்கும் கொழுப்புச் சதவீதம் காட்டும் எடைக் கருவியை நம்பிக் கவலைப்பட வேண்டாம். காலையில் தண்ணீர் குடித்ததற்கே அதன் கணக்கு மாறும்.

தூக்கத்தையும் கேட்டேன். தாள் திருத்தும் நாள்களில் ஐந்து மணி நேரம். 2010இல் சிகாகோவில் பத்துப் பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், அதே குறைந்த கலோரியுடன் எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தபோது 14 நாளில் 1.4 கிலோ கொழுப்பு போனது. ஐந்தரை மணி நேரமாகக் குறைத்தபோது 0.6 கிலோதான். மொத்த எடையோ இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குறைந்தது. மீதியெல்லாம் கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போனது.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இப்போது என்னிடம் அதிகம் வருகிறார்கள். பசியே இல்லை என்கிறார்கள். பசி இல்லாதபோதுதான் தட்டில் முதலில் எதை எடுப்பது என்பது முக்கியமாகிறது. முட்டை, மீன், பயறு, தயிர் முதலில், சோறு பிறகு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கட்டுரையில் உள்ள புரத அளவைத் தாமாகப் பின்பற்றக் கூடாது. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சோதனைகளான இரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் அல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேச வேண்டும். பழைய அளவு மருந்தும் புதிய அளவு சாப்பாடும் சேர்ந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். சில நேரம் இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில்.